அடுக்களையும் ஆய்வுகூடமும்

நாம் கற்பிக்கும் பாடசாலை கிளிநொச்சி மாவட்டத்திலே, குளத்துநீர் பாயும் வயற்கிராமம் ஒன்றில் இருக்கின்றது. தமிழ்தான் எமது பாடம். விஞ்ஞானம் எமது துறையன்று. ஆயினும் விஞ்ஞான ஆசிரியர் வராத ஒரு நாளிற் பத்தாம் வகுப்புக்குச் செல்ல நேர்ந்தது. "நொதித்தல் என்றால் என்ன?" என்று கேட்டோம். ஒரு மாணவி எழுந்து, மதுவமானது குளுக்கோசை எதைல் அற்ககோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றும் செயன்முறையே நொதித்தல் என ஓரெழுத்தும் பிசகாமல் ஒப்புவித்தாள். "நல்லது. உங்கள் வீட்டிலே அப்பத்துக்குக் கரைத்து வைத்த மா விடியற்காலையிற் பொங்கி நிற்கின்றதே, ஏன்?" என்றோம். வகுப்பு மௌனமாயிற்று. கடைசி வாங்கிலிருந்து ஒரு பையன், "கள்ளு விட்டால் பொங்கும், சேர்" என்றான். வகுப்புச் சிரித்தது. அவன் தந்தை மரமேறிக் கள் இறக்கும் தொழிலாளி என்பது சிரித்தவர்களுக்குத் தெரியும். பையன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அன்று அவ்வகுப்பிலே சரியான விடை சொன்னவர்கள் இருவர். ஒருத்திக்குச் சொல் தெரியும். மற்றவனுக்குப் பொருள் தெரியும். ஒருவர் அறிந்தது மற்றவர் அறிந்ததே என்பது இருவருக்குமே தெரியாது. சொல்லையும் பொருளையும் இவ்வாறு பிரித்து வைத்தது எது? ஒன்றுக்குப் புள்ளியும் மற்றதற்குச் சிரிப்பும் கிடைப்பது எதனால்? உள்ளூர் உணவைக்கொண்டு விஞ்ஞானம் கற்பிக்க வேண்டும் என்று இன்று பலர் பேசுகின்றனர். பேச்சு நல்லதே. ஆனால் அதற்கு ஒரு சரித்திரம் உண்டு. அச்சரித்திரத்தை அறியாமல் அடுக்களையை வகுப்பறைக்குக் கொண்டுவந்தால், அடுக்களையிலுள்ள அழுக்கும் கூடவே வந்துவிடும் என்பது எமது கருத்து.

கெடாமல் வைக்கும் கலை

வன்னி என்றதும் காடும் காய்ச்சலும் பாழடைந்த குளங்களும் நினைவுக்கு வரும் வழக்கம் பிரித்தானியர் ஆட்சிக்காலத்திலே வேரூன்றியது. வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளைப்பற்றி ஜே. பி. லூயிஸ் என்னும் அதிகாரி தொகுத்த கையேடு 1895ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மக்கட்டொகை அருகிய ஒரு நாட்டின் சித்திரத்தை அந்நூலிற் காண்கின்றோம். 'பறங்கி வியாதி' என்னும் தோல்நோய் அக்காலத்து வன்னியை வாட்டியது. 1881இல் மருத்துவ அதிகாரி கின்சி அந்நோயைப்பற்றித் தனி அறிக்கையே எழுதினார். கெட்ட நீரும் போதாத உணவுமே நோய்க்குக் காரணம் என்று அக்காலத்தார் பலர் எண்ணினர். 1905இல் கொழும்பிலே அல்டோ கஸ்ரெல்லானி என்பவர் நுணுக்குக்காட்டியின் மூலம் அந்நோயின் கிருமியைக் கண்டார். உணவு நேர்க் காரணமன்று, கிருமியே காரணம். ஆயினும் வறுமை அக்கிருமிக்கு வாசலைத் திறந்து வைத்திருந்தது. காரணத்தையும் சூழ்நிலையையும் வேறுபடுத்திப் பார்க்க ஒரு மாணாக்கனுக்குக் கற்பிக்க, அவனுடைய சொந்த ஊரின் இந்தக் கதையைவிடச் சிறந்த பாடம் வேறு ஏது?

அந்த வறுமைக்குள்ளேதான் வன்னியின் உணவுமுறை உருவாயிற்று. மாரிமழையை நம்பிக் காலபோகம். குளத்தில் நீர் மிஞ்சினாற் சிறுபோகம். சேனையிலே குரக்கன், சாமை, வரகு, தினை. காட்டிலே தேனும் பாலைப்பழமும் வீரைப்பழமும் விளாம்பழமும். பட்டியிலே எருமை. நந்திக்கடலிலும் நாயாற்றிலும் கொக்கிளாயிலும் மீனும் இறாலும். இவை யாவும் பருவத்துக்குப் பருவம் வந்து போவன. பசியோ பருவம் பார்ப்பதில்லை. சில மாதங்களில் விளைந்ததைக்கொண்டு ஆண்டு முழுவதும் உண்ண வேண்டிய மக்களின் முன்னே ஒரே கேள்வி நின்றது: கெடாமல் வைப்பது எப்படி? வன்னி அடுக்களையின் கலையிற் பெரும்பகுதி அக்கேள்விக்குக் கண்ட விடையே ஆகும்.

அவ்விடைகளை வகைப்படுத்திப் பாருங்கள். மீனை உப்பிட்டுக் கருவாடாக்கினர். இறைச்சியை வெயிலிலும் புகையிலும் வற்றலாக்கினர். சிலவேளை தேனுக்குள்ளே இட்டு வைத்தனர். உப்பும் தேனும் வெயிலும் செய்வது ஒரே வேலைதான்: நுண்ணங்கிகள் வாழ வேண்டிய நீரை அவற்றுக்கு எட்டாமற் செய்வது. உப்பிலும் தேனிலும் அது நடக்கும் வழியையே பிரசாரணம் என்று பாடநூல் கூறும். பாலை உறைமோர் இட்டுத் தயிராக்கினர். இலற்றிக்கமிலம் தோன்றியபின் அழுகலை உண்டாக்கும் கிருமிகளுக்கு அங்கே இடமில்லை. பாயிலும் முற்றத்திலும், சட்டியிலும் உறியிலும் நடந்த இவ்வேலைகளுக்கு விளக்கம் கிடைக்க, 1857ஆம் ஆண்டளவிலே லூயி பாஸ்ரர் பால் புளிப்பதை ஆராயத் தொடங்கும்வரை உலகம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். எங்கள் ஆச்சிமாருக்குப் பற்றீரியாவும் பிரசாரணமும் தெரிந்திருந்தன என்று மார்தட்டுவோர் இருக்கின்றனர். அது பொய். அவர்களுக்குத் தெரிந்தது 'எப்படி' என்பது. 'ஏன்' என்பது தெரியாது. 'எப்படி' என்பதைத் தலைமுறை தலைமுறையாகச் சோதித்துக் கண்டது பெரிய சாதனையே. ஆனால் 'ஏன்' என்று கேட்கும் உரிமையே விஞ்ஞானத்தின் உயிர். பழமையைப் போற்றுவதற்காக அவ்வுரிமையை அடகு வைத்தல் ஆகாது.

இதே உண்மையை எமது துறையான இலக்கியத்திலிருந்தும் காட்டலாம். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையிலே நெற்கள் சமைக்கும் முறை படிப்படியாகக் கூறப்படுகின்றது. அரிசியைக் களியாகக் காய்ச்சுவதும், அகன்ற தட்டில் ஆறவிடுவதும், முளையைச் சேர்த்துப் பிசைவதும், இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்திருப்பதும் அங்கே உள்ளன. சூடாக இருக்கும்போது ஏன் முளையைச் சேர்க்கவில்லை? முளைக்கும் தானியத்திலே மாப்பொருளை வெல்லமாக மாற்றும் நொதியம் இருக்கின்றது. கொதி அதனைக் கெடுத்துவிடும். அந்நொதியத்தை 1833இல் பேயன், பெர்சோ என்னும் பிரெஞ்சு இரசாயனிகள் பிரித்தெடுத்தனர். குழந்தைக்கு முளைக்கட்டிய குரக்கன்மாக் கஞ்சி காய்ச்சும் தாயும் அதே நொதியத்தையே பயன்படுத்துகின்றாள். தமிழாசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் ஒரு பாடவேளையைப் பகிர்ந்துகொண்டால் இச்செய்யுள் இரட்டிப்பாக விளங்கும்.

புழுங்கல் அரிசி சொன்ன சாட்சி

உணவிலிருந்து விஞ்ஞானம் பிறந்த கதைகளுள் எமது மக்களை நேரே தொடும் கதை ஒன்று உண்டு. பெரிபெரி என்னும் நோயின் பெயர் சிங்களச் சொல்லொன்றிலிருந்து வந்தது என்பர். கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, இதயம் ஓய்ந்து மனிதரைக் கொல்லும் நோய் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆசியாவின் சிறைகளிலும் படைமுகாம்களிலும் சுரங்கங்களிலும் அது பெருகியது. நீராவி ஆலைகளிலே தவிடு முற்றும் போகத் தீட்டிய வெள்ளையரிசி பரவிய காலம் அது. 1890களிலே பத்தாவியாவில் ஒல்லாந்த மருத்துவர் எய்க்மன், தீட்டிய அரிசிச் சோறு தின்ற கோழிகள் அந்நோய்போன்ற தளர்ச்சியால் விழுவதையும், தவிடு போகாத அரிசி கொடுத்ததும் எழுவதையும் கண்டார். 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அதே காலத்தில் மலாயாவிலே பிராடன் என்னும் மருத்துவர் மற்றொன்றைக் கவனித்தார். வெள்ளைப் பச்சையரிசி உண்ட சீனத் தொழிலாளர் பெரிபெரியால் மடிந்தனர். புழுங்கல் அரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரை அந்நோய் அணுகவில்லை. 1907இல் வெளியான தமது நூலில், கெட்டுப்போன அரிசியிலுள்ள ஏதோ ஒரு நஞ்சே காரணம் என்று அவர் முடிவுகட்டினார். அவர் கண்டது சரி. கொண்ட முடிவு தவறு. அக்காலத்திலே கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெச்சர் என்பவர் நோயாளரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியினருக்கு வெள்ளையரிசியும் மறுபகுதியினருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். நோய் வெள்ளையரிசிப் பக்கமே நின்றது. கேட்பாரற்ற நோயாளரை இவ்வாறு சோதனைப் பொருளாக்கிய முறை நியாயமா என்ற கேள்வியையும் மாணாக்கர் கேட்க வேண்டும். விஞ்ஞானத்தின் சரித்திரத்திலே அறத்தின் சரித்திரமும் அடங்கும்.

பின்னர் தவிட்டிலுள்ள சத்துப்பொருள் தேடப்பட்டது. 1912இல் காசிமிர் பங்க் அத்தகைய பொருள்களுக்கு 'விற்றமின்' என்று பெயரிட்டார். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் உள்ள தயமின் என்னும் விற்றமின் நீரிற் கரைந்து அரிசிமணியின் உள்ளே சென்று விடுகின்றது. பின்பு தீட்டினாலும் அதிற் பெரும்பங்கு அங்கேயே தங்கும். கிடாரத்திலே நெல் அவித்து, முற்றத்திலே பாய்விரித்துக் காயவிட்ட ஏழைத் தமிழ்ப் பெண்ணின் வேலை, கடல் கடந்து தோட்டக்கூலியாய்ப் போனவனின் உயிரைக் காத்தது. அவளுக்கும் அது தெரியாது, அவனுக்கும் தெரியாது, அவனை வேலைவாங்கிய துரைக்கும் தெரியாது.

இன்று எமது கிராமத்துக் கடைகளிலும் நன்றாகத் தீட்டிய அரிசிக்கே மதிப்பு. மொட்டைக்கறுப்பன் சோறு 'பழைய ஆட்களின் சாப்பாடு' ஆகிவிட்டது. தயமின் பற்றிய வினாவுக்கு விடையெழுதிய மாணாக்கன், அவிந்த நெல் தன் வீட்டு முற்றத்திற் காய்வதைத் தாண்டிச் செல்கின்றான். அதனையும் இதனையும் இணைத்துச் சொல்ல அவனுக்கு ஒருவர் வேண்டும்.

முட்டியிலே பூசிய சுண்ணாம்பு

பனையைப்பற்றி வில்லியம் பெர்குசன் 1850ஆம் ஆண்டிலே ஒரு தனிநூல் எழுதினார். பனையின் பயன்களை எண்ணூற்றொன்று என்று கூறும் வழக்கு உண்டு. அவற்றுள் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, கருப்பநீர். பாளையிலிருந்து சொட்டும் சாறு, முட்டியில் விழுந்த சில மணி நேரத்துள் நொதிக்கத் தொடங்கும். முட்டியின் உட்புறத்திலே சுண்ணாம்பு பூசினால் அது நொதியாமல் இனிப்பாகவே நிற்கும். சுண்ணாம்பு கல்சியம் ஐதரொட்சைட்டு என்னும் காரம். அக்காரத்திலே மதுவம் பெருக முடியாது. வெல்லத்தை உடைக்கும் நொதியமும் செயற்படாது. ஆகவே அச்சாற்றைக் காய்ச்சிப் பனங்கட்டியாக்கலாம். சுண்ணாம்பு குறைந்தாற் புளிக்கும். கூடினாற் சுவை கெடும். எவ்வளவு பூச வேண்டும் என்பதைத் தராசும் தாளும் இன்றித் தொழிலாளியின் விரல் அறியும்.

இரண்டாவது, ஒடியல். பனங்கிழங்கை அவிக்காமற் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தாற் புழுக்கொடியல். ஒடியல் மாவிலே ஒரு கசப்பு உண்டு. அதனை நீரிலே ஊறவிட்டு, வடித்து, மீண்டும் நீர்விட்டுக் கழித்தபின்பே கூழுக்கும் பிட்டுக்கும் எடுப்பர். தீங்கான பொருளைக் கரைத்து அகற்றி, எஞ்சியதை வெப்பத்தால் அடக்கும் இம்முறை ஓர் ஆய்வுகூடச் செயன்முறையே ஆகும்.

இனி இங்கே ஒரு கேள்வி எழுகின்றது. இவ்வறிவு யாருடையது? 'தமிழர் உணவுப் பண்பாடு' என்று ஒரே சொல்லால் மூடிவிட முடியுமா? முட்டியிலே சுண்ணாம்பு பூசிய விரலுக்குரியவனைக் கோயிலுக்கு வெளியே நிறுத்தியதும், அவன் பிள்ளையைப் பாடசாலையிலே நிலத்தில் இருத்தியதும் அதே பண்பாடுதான். 1930ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலே அரசாங்க உதவிபெறும் பாடசாலைகளிற் சகல பிள்ளைகளுக்கும் சமாசனம் அளிக்க வேண்டும் என்ற கட்டளை பிறந்தபோது, வடபகுதியிலே சில பாடசாலைகள் தீக்கிரையாயின. ஒரே பந்தியில் உண்ணும் சமபோசனத்துக்கு எதிராகவும் படித்த பெருமக்களே கிளம்பினர். அன்று வாலிபர் காங்கிரஸ் போன்ற இயக்கங்கள் நியாயத்தின் பக்கம் நின்றமை தமிழர் சரித்திரத்துக்குப் பெருமை. யார் சமைக்கலாம், யார் தொட்டதை யார் உண்ணலாம், யார் பக்கத்தில் யார் இருக்கலாம் என்ற விதிகளும் எமது 'உணவுப் பண்பாட்டின்' பகுதிகளே. எமது வகுப்பிலே அந்தப் பையன் தலைகுனிந்தது அத்தீயின் புகை இன்னும் அடங்கவில்லை என்பதற்குச் சான்று.

வன்னியின் அடுக்களை ஒன்றன்று, பல. 1970களிலே தோட்டங்களிற் பரவிய பசியாலும், 1977ஆம் ஆண்டின் வன்செயலாலும் மலையகத் தமிழ் மக்கள் பலர் இங்கு வந்து குடியேறினர். காடுவெட்டி வயலாக்கியதில் அவர்களின் உழைப்புப் பெரிது. வவுனியாவை மையமாகக்கொண்டு டேவிட், டாக்டர் இராஜசுந்தரம் முதலியோர் நடத்திய காந்தீயம் அவர்களுக்காகப் பண்ணைகளும் பாலர் பாடசாலைகளும் அமைத்தது. 1983இல் அவ்வியக்கம் நசுக்கப்பட்டது. அவ்வாண்டு யூலையில் வெலிக்கடைச் சிறையிலே இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். அம்மக்களின் தோட்டத்து ரொட்டியும் சம்பலும் வன்னியின் உணவல்ல என்று யாரேனும் சொல்வாராயின், அவர் உணவைப்பற்றிப் பேசவில்லை, எல்லைக்கோடு கீறுகின்றார்.

நல்ல எண்ணம், கெட்ட ஏற்பாடு

வாழ்விலிருந்து கல்வியைத் தொடங்க வேண்டும் என்பது புதிய கொள்கையன்று. விஞ்ஞானத்தைத் தாய்மொழியிற் கற்பிக்கும் முயற்சியில் நாம் முன்நின்றவர்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே தமிழ் மொழியில் மேனாட்டு மருத்துவம் கற்பித்தார். அவரது முயற்சியிலே உடற்கூறு, இரண வைத்தியம் முதலிய துறைகளில் தமிழ் நூல்கள் தோன்றின. 'கெமிஸ்தம்' என்னும் இரசாயன நூல் 1875இல் வெளிவந்தது. பின்னர் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. மதுவம், மாப்பொருள், நொதியம் என்று எமது மாணாக்கர் இன்று சொல்லும் சொற்கள் அவ்வழி வந்தவை. மதுவம் என்ற சொல்லுக்குள்ளே 'மது' இருக்கின்றது. சொல்லாக்கியவர்கள் கள்முட்டியை மறக்கவில்லை; கற்பித்த நாமே மறந்தோம்.

மொழி கிடைத்தது, வாழ்வு கிடைத்ததா? 1930களிலே கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தெஸ்ஸவில் ஒரு கிராமக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. கிராமத்தின் தொழில், உணவு, சுகாதாரம் இவற்றை அடிப்படையாகக்கொண்டு பிள்ளைகளுக்குக் கற்பிப்பது அதன் நோக்கம். நோக்கத்திலே குற்றமில்லை. ஆனால் நகரத்துப் பணக்காரர் பிள்ளைகள் கட்டணம் கட்டி ஆங்கிலம் கற்றுச் சட்டத்தரணியாகவும் மருத்துவராகவும் வந்துகொண்டிருந்த நாட்டிலே, கிராமத்துப் பிள்ளைக்கு மட்டும் மண்வெட்டிக் கல்வி என்றால், பெற்றோர் அதனை எப்படி நம்புவர்? இரண்டாந்தரக் கல்வி என்று அவர்கள் கண்டனர். அத்திட்டம் நிலைக்கவில்லை.

இந்தியாவிலும் இதுவே நடந்தது. 1937இல் காந்தியடிகள் முன்வைத்த வார்தாக் கல்வித் திட்டம் கைத்தொழிலை நடுவாகக் கொண்டது. 1953இல் சென்னை மாகாணத்திலே இராஜாஜி கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டம், பாதிநாட் பாடசாலை, மீதிநேரம் வீட்டுத்தொழில் என்றது. வீட்டுத்தொழில் என்றால் தந்தையின் தொழில். தந்தையின் தொழில் என்றால் சாதித்தொழில். 'குலக்கல்வி' என்று மக்கள் அதற்குப் பெயர் சூட்டி எதிர்த்தனர். 1954இல் இராஜாஜி பதவி விலகினார். காமராஜர் முதலமைச்சராகி அத்திட்டத்தைக் கைவிட்டார். மரமேறியின் மகன் மரமேறவே கற்க வேண்டும் என்பது கல்வியன்று, விலங்கு. அவன் தன் தந்தையின் முட்டியிலுள்ள இரசாயனத்தை அறிந்து, விரும்பினால் இரசாயனப் பேராசிரியனாக வேண்டும் என்பதே கல்வி. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். இரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் இருக்கின்றது.

எமது நாட்டிலே 1945ஆம் ஆண்டு கன்னங்கராவின் இலவசக் கல்வி அப்பெரிய கதவைத் திறந்தது. 1972ஆம் ஆண்டின் சீர்திருத்தம் ஒன்றிணைந்த விஞ்ஞானத்தையும் தொழில் முன்னிலைப் பாடங்களையும் புகுத்தியது. உள்ளூர்த் தொழில்களை ஆராய்ந்து பாடமாக்குவது அதன் குறிக்கோள்களுள் ஒன்று. 1977இல் ஆட்சி மாறியதும் அம்முயற்சி உருவிழந்தது. அதே 1972இல் மத்தியப் பிரதேசத்து ஓசங்காபாத் மாவட்டத்திலே பதினாறு பாடசாலைகளில் ஒரு விஞ்ஞான போதனைத் திட்டம் தொடங்கிற்று. மனப்பாடம் இல்லை, பிள்ளைகள் கையாற் செய்து, வயலிலும் வீட்டிலும் தேடி, தாமே முடிவுக்கு வரவேண்டும். பரீட்சைக்குப் புத்தகத்தையே எடுத்துச் செல்லலாம். அத்திட்டம் முப்பது ஆண்டு நடந்து பல நூறு பாடசாலைகளுக்குப் பரவியது. 2002இல் மாநில அரசாங்கம் அதனை மூடிவிட்டது. பிள்ளைகள் கேள்வி கேட்கும் பாடசாலையை நிருவாகங்கள் நெடுங்காலம் பொறுத்துக்கொள்வதில்லை என்பது இதிலிருந்து நாம் கற்கும் பாடம்.

கஞ்சி

யுத்த காலத்தின் வன்னியையும் இச்சரித்திரத்திலே சேர்க்காமல் விட முடியாது. 1990களின் பொருளாதாரத் தடையிலே மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் மருந்தும் அரிதாயின. ஜாம் போத்தலிலே சிறிது எண்ணெய்விட்டுத் திரியிட்ட விளக்கின் முன் ஒரு தலைமுறை படித்தது. எம்மிற் பலர் அத்தலைமுறையினர். பனம்பழக் களியினால் ஆடை வெளுத்தனர். அதிலுள்ள கசப்புப் பொருள் நீரில் நுரைக்கும் சபோனின் இனத்தைச் சேர்ந்தது. தடைக்காலம் விஞ்ஞானம் கற்பித்தது என்று பெருமைப்பட எமக்கு மனமில்லை. பிள்ளைகளைப் பட்டினியிட்டுப் பெறும் பாடம் எவருக்கும் வேண்டாம். ஆனால் மக்கள் தமது அறிவாலே உயிர்தப்பினர் என்பதைப் பதிவு செய்வது எமது கடமை.

2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களிலே முல்லைத்தீவுக் கடற்கரையின் ஒடுங்கிய நிலத்தில் அடைபட்ட மக்களுக்கு, அரிசியும் உப்பும் நீரும் கொண்ட கஞ்சியே உணவாயிற்று. ஒவ்வோராண்டும் மே மாதத்திலே அக்கஞ்சி அவர்கள் நினைவாகக் காய்ச்சி வழங்கப்படுகின்றது. வகுப்பறையிலே அதைப்பற்றி எப்படிப் பேசுவது? பேசாமலும் எப்படி இருப்பது?

விஞ்ஞானம் கூறுவதைச் சொல்வோம். 1960இல் றொபேட் கிறேன் என்னும் விஞ்ஞானி, குடலிலே குளுக்கோசும் சோடியமும் ஒன்றையொன்று துணைகொண்டு உறிஞ்சப்படுகின்றன என்று காட்டினார். அவற்றோடு நீரும் உடலுக்குட் செல்லும். 1971இல் வங்க அகதிகளின் முகாமிலே வாந்திபேதி பரவியபோது, திலீப் மகலனபிஸ் என்னும் மருத்துவர் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாயாற் குடிக்கக் கொடுத்துப் பெருந்தொகையானோரைக் காத்தார். 1980களின் தொடக்கத்திலே டாக்கா ஆய்வாளர் குளுக்கோசுக்குப் பதிலாக அரிசிமாவைச் சேர்த்தும் வெற்றி கண்டனர். மாப்பொருள் குடலிலே மெல்ல மெல்லக் குளுக்கோசாக உடையும். எமது மருந்தகங்களிலே 'ஜீவனி' என்ற பெயரிற் கிடைக்கும் பொட்டலமும் உப்புக்கஞ்சியும் ஒரே தத்துவத்தின் இரு வடிவங்கள். ஆனால் கஞ்சியிலே புரதம் சொற்பம், கொழுப்பு இல்லை, பிள்ளை வளர வேண்டிய விற்றமின்கள் இல்லை. அது உயிரைச் சில நாள் தாங்கும், உடலைக் கட்டாது. இவ்விரண்டு உண்மைகளையும் ஒருசேரச் சொன்னால், கஞ்சி புனிதப் பொருளாகவோ வெறும் துயரமாகவோ நின்றுவிடாது. அவ்வகுப்பிலுள்ள பிள்ளைகளின் தாய்மார் செய்ததும் செய்யமுடியாமற் போனதும் தெளிவாக விளங்கும்.

செய்ய வேண்டுவது

இன்றைய வன்னியின் தேவைகள் வகுப்பறைக்கு வெளியேதான் காத்திருக்கின்றன. எமது கிணறுகள் சிலவற்றின் நீரிலே பருப்பு வேகாது. கல்சியமும் மக்னீசியமும் பருப்பின் பெற்றினோடு பிணைந்து அதனை இறுக்கிவிடுகின்றன. வவுனியாவிலே சில பிள்ளைகளின் பற்களில் பழுப்புக்கறை காண்கின்றோம். நீரிலே புளோரைட்டு மிகுந்ததன் அடையாளம் அது. லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. ஆனையிறவுப் பாத்தியிலே கடல்நீர் வற்ற வற்ற, முதலிற் சுண்ணாம்புச் சத்துக்கள் படிந்து, பின்னர் கறியுப்பு விளைந்து, கசப்பான மக்னீசிய உப்புக்கள் நீரிலேயே எஞ்சும் ஒழுங்கைப் பார்க்க எமது மாணாக்கர் பஸ்ஸில் ஏறினாற் போதும். அவ்வுப்பிலே அயடீன் சேர்க்க வேண்டும் என்று 1995இல் ஏன் சட்டமாயிற்று என்பதும் அங்கேயே பாடமாகும். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியிலே காலையுணவின்றி வந்து வகுப்பிலே சோர்ந்து விழுந்த பிள்ளைகளை நாம் கண்டோம். பசித்தவனுக்குப் போசாக்குப் பாடம் நடத்துவது கொடுமை. முதலிற் சோறு, பின்பு பாடம்.

ஆகவே எமது நிலை தெளிவானது. உள்ளூர் உணவைக்கொண்டு விஞ்ஞானம் கற்பிக்க வேண்டும். ஆனால் அது கிராமத்துப் பிள்ளைக்கென ஒதுக்கிய குறுக்குக் கல்வியாக இருத்தல் கூடாது. கொழும்புப் பிள்ளையும் அதனையே கற்க வேண்டும். அது ஆய்வுகூடம் கட்டித் தராமைக்குச் சாட்டாகவும் ஆகக்கூடாது. அடுக்களை ஆய்வுகூடத்துக்கு வழிகாட்டும், ஆய்வுகூடத்துக்குப் பதிலாகாது. அது பழமையின் துதியாகவும் இருத்தல் கூடாது. எந்த அறிவு யாருடைய உழைப்பிற் பிறந்தது என்பதைப் பெயர்சொல்லிக் கூறவேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, பரீட்சைத் தாளிலே அதற்கு இடம் வேண்டும். இல்லையேல் ஆசிரியர் விரும்பினாலும் பெற்றோர் விடார். பெற்றோர் மீது குற்றமுமில்லை.

தொடக்கத்திற் சொன்ன வகுப்புக்குத் திரும்புவோம். சில வாரங்களின் பின் விஞ்ஞான ஆசிரியரும் நாமும் சேர்ந்து ஒரு பரிசோதனை செய்தோம். கருப்பநீர் இரண்டு போத்தல்: ஒன்று சுண்ணாம்பு பூசிய முட்டியிலிருந்து இறக்கியது, மற்றது பூசாததிலிருந்து. இரண்டின் வாயிலும் பலூன் கட்டினோம். மதியத்துக்குள் ஒன்று நிமிர்ந்து நின்றது; மற்றது துவண்டே கிடந்தது. நிமிர்ந்த பலூனிலிருந்த வாயுவைத் தெளிந்த சுண்ணாம்புநீரிற் செலுத்தியதும் அது பால்நிறமாயிற்று. முட்டியிலே நொதித்தலைத் தடுத்த சுண்ணாம்பே, குழாயிலே நொதித்தலைக் காட்டிக்கொடுத்தது. எவ்வளவு பூச வேண்டும், ஏன் முட்டியைத் தினமும் கழுவ வேண்டும் என்பதையெல்லாம் அந்தப் பையன் கரும்பலகையின் முன் நின்று விளக்கினான். அன்று அவன் சொன்னதைச் சூத்திரமாக எழுதிக் காட்டியவள், வரைவிலக்கணம் ஒப்புவித்த அதே மாணவி.

அவனுக்குச் சாதாரண தரப் பரீட்சையில் இதற்காக ஒரு புள்ளியும் கிடைக்கப்போவதில்லை. ஆனால் அன்று வகுப்பில் எவரும் சிரிக்கவில்லை.